டிஸ்சார்ஜ் சம்மரியின் நடுப்பக்கம்

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கத்தை, அதாவது டிஸ்சார்ஜ் சம்மரியை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. மருந்துப் பட்டியலைப் பார்ப்பார்கள், மறுபடி எந்தத் தேதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள், பில்லின் கடைசித் தொகையை இரண்டு முறை பார்ப்பார்கள். நடுவில் உள்ள பக்கங்கள் மருத்துவர்களுக்கு உரியவை என்ற எண்ணத்தில் ஸ்கேன் கவருக்குள் போய்விடும். பிறகு பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, காப்பீட்டு நிறுவனத்தில் கோப்பைத் திறப்பவர் முதலில் படிப்பது அந்த நடுப்பக்கங்களைத்தான்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிப்பவன். கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்லன். காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவன் என்பதால், உறவில் யார் மருத்துவமனையில் சேர்ந்தாலும் அவர்களது கோப்பு ஏதேனும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். கடலூர் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர், புதுச்சேரியின் தனியார் மருத்துவமனைகள் என்று எல்லா இடத்துக் காகிதங்களையும் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. உடம்புக்கு என்ன நடந்தது என்பதற்கு யாரும் பணம் தருவதில்லை. என்ன நடந்ததாகக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் தருகிறார்கள். ஆகையால் மருத்துவச் சொற்களைத் தெரிந்துகொள்வதைச் செலவுக் கணக்கின் முதல் வேலையாகவே நான் கருதுகிறேன்.

நெல்லிக்குப்பத்தை அடுத்த கிராமத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தது. கடலூரில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே பெரிய இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அவசரப் பிரிவில் இருந்த பணி மருத்துவர் நோயாளியை ஒரு கையால் பரிசோதித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற அவர் மகனிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"எத்தனை வருஷமா சுகர் இருக்கு?"

"அது இருக்குங்க டாக்டர், ஒரு பத்து வருஷமா."

தம்பி சொன்னதில் பொய் இல்லை. அந்த வீட்டில் பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. ஆனால் அது சித்தியின் மாத்திரை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பதற்றத்தில் வாயில் வந்ததை அவன் சொன்னான், கேட்டவர் கேட்டபடி எழுதினார். கேஸ் ஷீட்டில் விழுந்த 'கே/சி/ஓ டி.எம்., 10 இயர்ஸ்' என்ற அந்த வரி, நான்கு நாட்களில் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் அப்படியே நகர்ந்து வந்துவிட்டது. 'கே/சி/ஓ' என்றால் ஏற்கெனவே அறியப்பட்ட நோயாளி என்று பொருள், டி.எம். என்பது நீரிழிவு, ஹெச்.டி.என். என்பது உயர் ரத்த அழுத்தம். இந்த மூன்றையும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு எண்ணிக்கையையும் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், சம்மரியில் விலை அதிகமான இடம் எது என்று தெரிந்துவிட்டது எனலாம்.

சித்தப்பாவின் பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்தில் நான்கு போக ஆறு ஆண்டு நோயை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறார் என்று காப்பீட்டு நிறுவனம் முடிவுகட்டி, கேஷ்லெஸ் அனுமதியை, அதாவது நாம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் ஏற்பாட்டை, மறுத்துவிட்டது. அன்றைக்குச் சித்தியின் நகைகள் அடகுக்குப் போய்த்தான் பில் கட்டப்பட்டது. அதன் பிறகு நாங்கள் தேடியது ஒரே ஒரு காகிதத்தை: முதன்முதலாக ரத்தச் சர்க்கரை கூடியிருப்பதைக் காட்டிய பரிசோதனை ரிப்போர்ட். அது மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆய்வகத்தில் எடுத்தது. நல்லவேளையாகப் பட்டாப் பத்திரங்களோடு பெட்டியில் இருந்தது. அதையும், அந்த வாரத்தில் உள்ளூர் மருத்துவர் எழுதிய முதல் மருந்துச் சீட்டையும், அவரே தேதி குறிப்பிட்டுத் தந்த சான்றையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், சிகிச்சை அளித்த இதய மருத்துவரைப் பார்த்தோம். அவர் அனைத்தையும் படித்துப் பார்த்து, நோயின் காலம் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று தனித்தாளில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்துத் தந்தார். பில் கட்டிய பிறகு கேட்கும் ரீஇம்பர்ஸ்மெண்ட் வழியில் தொகையின் பெரும்பகுதி திரும்ப வந்தது.

இதைக் கேட்டுவிட்டு, ஆண்டுக் கணக்கைக் குறைத்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. உண்மையிலேயே பத்து வருட நோய் இருந்து அதை மூன்று என்று எழுதச் சொல்வது மோசடி. பழைய ரிப்போர்ட் ஒன்று எங்கிருந்தாவது வெளிவந்தால் பாலிசியே ரத்தாகும். அந்த வேலைக்கு என்னிடம் கோப்பைக் கொண்டுவர வேண்டாம் என்று உறவினர்களிடம் சொல்லியே வைத்திருக்கிறேன். அதற்குத் தேவையும் இப்போது குறைவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். முன்பு அது நான்காக இருந்தது. நோயை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதிவிட்டு மூன்று ஆண்டு பிரீமியம் கட்டி வந்தால், அந்த நோய்க்கே பணம் கேட்கலாம். ஐந்து ஆண்டுகள் இடைவெளியில்லாமல் கட்டியவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, நீ இதைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்கவும் முடியாது.

சம்மரியில் பணத்தைத் தீர்மானிக்கும் வேறு சில சொற்களும் உண்டு. 'எவாலுவேஷனுக்காக அனுமதிக்கப்பட்டார்' என்று இருந்தால் கவனம் தேவை. வெறும் பரிசோதனைக்காகப் படுக்கையில் சேர்வது ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் விலக்கப்பட்ட செலவு. நோயாளிக்கு நரம்பு வழி மருந்தும் ஆக்சிஜனும் தரப்பட்டிருக்கும். ஆனால் தலைப்பில் எவாலுவேஷன் என்று இருப்பதால் அது பரிசோதனையாகவே படிக்கப்படும். என்ன சிகிச்சை தரப்பட்டது, ஏன் வீட்டில் வைத்துத் தர முடியாது என்பது சம்மரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் அவர் விடுப்பில் இருப்பார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வாகன விபத்துகள் அடிக்கடி நடப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவருபவர்கள், போலீஸ் விசாரணை எதற்கு என்று நினைத்து, 'மாடிப்படியில் தவறி விழுந்தார்' என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஊரில் ஏ.ஆர். காப்பி என்று கேட்டு வாங்கும் காகிதத்தில், அப்படியே பதிவாகிவிடும். பிறகு மோட்டார் வாகன இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அதைத்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்றும் பார்ப்பதில்லை. சாலை விபத்து என்று சொல்லாதவருக்கு அந்த வாசலும் மூடிவிடுகிறது.

ரிப்போர்ட்டுகளுக்கு வருகிறேன். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப். 60 சதவீதம்' என்று பார்த்துவிட்டு, இதயம் நாற்பது சதவீதம் கெட்டுவிட்டது என்று அழுத வீட்டை எனக்குத் தெரியும். ஈ.எஃப். என்பது இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றப்படுகிறது என்ற அளவு. எந்த ஆரோக்கியமான இதயமும் முழுவதையும் வெளியேற்றாது. ஐம்பத்தைந்து முதல் எழுபது வரை இருப்பது இயல்பு. அதாவது அந்த வீட்டில் கொண்டாடியிருக்க வேண்டும். இந்த எண்ணைப் பள்ளித் தேர்வு மதிப்பெண் போலப் படிப்பதால் வரும் வினை இது.

ஆய்வக ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும் எண்களும் இப்படித்தான் மிரட்டும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேருடைய அளவு அடங்கும் எல்லை. ஆகவே எந்த நோயும் இல்லாதவரிடத்திலும் இருபதில் ஓர் எண் வரம்புக்கு வெளியே விழலாம். மாஸ்டர் செக்கப் என்று நாற்பது, ஐம்பது அளவுகளைப் பார்த்துவிட்டு இரண்டு எண்கள் தடித்திருப்பதற்காக இரவெல்லாம் கூகுளில் தேடுவதைவிட, முந்தைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண் எந்தத் திசையில் நகர்கிறது என்று மருத்துவரிடம் கேட்பது பயன் தரும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9-லிருந்து 1.2 ஆகி 1.5 ஆகியிருந்தால், ஒற்றை ரிப்போர்ட்டில் பெரிதாகத் தெரியாதது மூன்றையும் அடுக்கினால் தெரியும். ஹெச்.பி.ஏ.1.சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் இனிப்பை நிறுத்திவிட்டுப் போகும் தந்திரம் அதனிடம் பலிக்காது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இம்ப்ரஷன்' என்ற தலைப்பின் கீழ் உள்ள இரண்டு மூன்று வரிகளே முடிவு. மேலே உள்ள பத்திகள் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்தோம் என்பதற்கான பதிவு. 'என்.ஏ.டி.' என்றால் கோளாறு ஏதும் தென்படவில்லை என்பதாகும். நெகட்டிவ் என்று வந்தால் மகிழ வேண்டும், பாசிட்டிவ் என்று வந்தால் விசாரிக்க வேண்டும் என்பதைக் கொரோனா எல்லோருக்கும் கற்றுத் தந்துவிட்டது.

மருந்துச் சீட்டில் 1-0-1 எல்லோருக்கும் புரிகிறது. ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கும் முன், எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். (டி.டி.எஸ். என்றால் வரிப்பிடித்தம் என்றே பழகிய எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஒரு கணம் தடுக்கும்.) இவற்றைவிட முக்கியமானது, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும், நிறுவனம் வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். கடலூர் மருத்துவர் எழுதிய ரத்த அழுத்த மாத்திரையும், ஜிப்மரில் எழுதித் தந்ததும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு பெயர். உள்ளே இரண்டும் டெல்மிசார்ட்டான். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்தால் தலைசுற்றுகிறது என்று சொன்ன பெரியம்மாவின் மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோதுதான் அது தெரியவந்தது. சிறிய எழுத்துப் பெயரைத் தெரிந்துவைத்திருப்பவர் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ அதே மருந்தைக் குறைந்த விலையில் கேட்டு வாங்கலாம். ஆனால் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தவர், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர் போன்றோர் எதையும் மாற்றுவதற்கு முன்னால் தம் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி, பணம். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கடலூரில் பேருந்து ஏறினால் பெண்ணையாற்றைத் தாண்டி, ரெட்டிச்சாவடியைத் தாண்டி, கன்னியக்கோயிலில் வேறோர் அரசின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறோம். அரை மணி நேரப் பயணத்தில் ரேஷன் அட்டையின் நிறமும் மருத்துவத் திட்டத்தின் விதியும் மாறுகின்றன. நோயாளிக்கு அது தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய அரசின் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கியத் திட்டம் 2018-ல் வந்தபின் இரண்டும் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. கேள்வி என்னவென்றால், கடலூர்க்காரர் ஒருவர் தம் அட்டையைப் புதுச்சேரியில் நீட்டினால் செல்லுமா? மத்தியத் திட்டம் மாநில எல்லை தாண்டியும் செல்லக்கூடியது. ஆனால் முதல்வர் திட்ட அட்டை வைத்திருப்பவர் எல்லோரும் மத்தியத் திட்டப் பட்டியலில் இருப்பவர்கள் அல்லர். ஆகையால் 'இங்கே இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வீர்களா' என்று பொதுவாகக் கேட்பது போதாது. எந்தத் திட்டம், இந்த அட்டை எண்ணுக்கு உண்டா, இந்தச் சிகிச்சைக்கு உண்டா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியைத்தான் மக்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு மட்டும் பட்டியலில் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. முதல்வர் திட்டத்துக்கு 1800 425 3993, மத்தியத் திட்டத்துக்கு 14555 என்ற எண்களில் நோயாளி புறப்படும் முன்பே கேட்டுவிடலாம்.

இத்திட்டங்களில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரே தொகுப்புத் தொகை உண்டு. அனுமதி கிடைத்த பிறகு, அந்தத் தொகுப்புக்குள் அடங்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. 'திட்டத்தில் சாதாரண ஸ்டென்ட்தான், நல்லது வேண்டுமென்றால் கையில் கட்டுங்கள்' என்று யாரேனும் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பதே போதும். பேச்சு அநேகமாக அங்கேயே நின்றுவிடும். எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் வரை என்று மத்தியத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருக்கும் முதியவர்கள் அதை இப்போதே திருத்திவைத்துக்கொள்வது நல்லது.

ஜிப்மரைப் பற்றிப் பேசாமல் இந்த ஊர்களின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேச முடியாது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்த நிறுவனம், விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் கடைசி நம்பிக்கை. மத்திய அரசு நிறுவனமாதலால் மத்திய அரசின் விடுமுறை நாட்களில் வெளிநோயாளர் பிரிவு இயங்காது. நம் காலண்டரில் வேலை நாளாக இருக்கும் புத்த பூர்ணிமா, குருநானக் ஜயந்தி போன்ற நாட்களில், முதல் பேருந்தில் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வந்து வாசலில் திகைத்து நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். நாளிதழில் முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. நாளிதழ் வாங்காத வீட்டுக்குத்தான் அது சென்று சேர்வதில்லை.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு வருவோம். எனக்கு வரும் கோப்புகளில் அதிகச் சண்டைக்குக் காரணமாக இருப்பது அறை வாடகை. 5 லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்ற வரம்பு, அதாவது 5,000. அட்மிஷன் மேசையில் 8,000 ரூபாய் அறைதான் காலி என்கிறார்கள். நாளைக்கு 3,000 நம் கையிலிருந்து போகும், நான்கு நாளைக்குப் பன்னிரண்டாயிரம், போகட்டும் என்று கையெழுத்துப் போடுகிறோம். கணக்கு அப்படி நடப்பதில்லை. வரம்புக்கும் எடுத்த அறைக்கும் உள்ள விகிதத்தில், எட்டில் ஐந்து பங்கு என்ற கணக்கில், அறுவை சிகிச்சைக் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் எல்லாம் வெட்டப்படும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் புரியும். அறை 32,000, மருத்துவர், அரங்கு முதலிய கட்டணங்கள் 1,20,000, மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய கருவி 90,000, ஆக மொத்தம் 2,42,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 20,000 தருவார்கள். கட்டணங்களுக்கு 75,000 தருவார்கள். மருந்து, பரிசோதனை, பொருத்திய கருவி ஆகியவற்றை இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே தெளிவுபடுத்தியிருப்பதால் அந்த 90,000 முழுதாக வர வேண்டும். கிடைப்பது 1,85,000. நாம் பன்னிரண்டாயிரம் என்று நினைத்துப் போட்ட கையெழுத்தின் விலை 57,000. சில நேரங்களில் மருந்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். அப்போது எதிர்த்து எழுத வேண்டும். அறைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் இந்த வெட்டே கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. பாலிசி வாங்கும்போது போனஸ், இலவசப் பரிசோதனை என்று முகவர் அடுக்கும் எதையும் கேட்பதற்கு முன், அறை வாடகை வரம்பு உண்டா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பில்லை எப்போதும் வகைவாரியாக அல்ல, பொருள்வாரியாகக் கேட்டு வாங்க வேண்டும். 'பார்மசி, 61,000' என்ற ஒற்றை வரியில் எதையும் சரிபார்க்க முடியாது. பொருள்வாரியாகப் பிரித்த பில்லில், திரும்பக் கொடுத்த மருந்துகளுக்குக் கழித்திருக்கிறார்களா, நோயாளி ஐ.சி.யு.வை விட்டு வந்த பிறகும் மானிட்டர் கட்டணம் ஓடுகிறதா என்றெல்லாம் தெரியும். கையுறை, முகக்கவசம், டயபர் போன்றவை தனியே காசு தந்து எடுத்த கூடுதல் பாதுகாப்பு இல்லையென்றால் பாலிசியில் வராது. அதில் வாதாடிப் பயனில்லை. ஸ்டென்ட் வைத்திருந்தால், அதன் பெட்டியில் இருந்து பிரித்து ஒட்டிய ஸ்டிக்கர் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நீளமே இருக்கும் அந்தத் துண்டில் நிறுவனப் பெயர், தொகுதி எண், அளவு எல்லாம் இருக்கும். அது இல்லாமல் ஸ்டென்டுக்கான தொகை நகராது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றார்கள். அதன் பிறகு அந்த வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு வந்தாலும், ஸ்டென்ட் விலையை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் தொடர்கிறது. சித்தப்பாவின் பில்லில் அது 'கேத் லேப் பேக்கேஜ்' என்ற வரிக்குள் மறைந்திருந்தது. கேட்ட பிறகுதான் பிரித்துத் தந்தார்கள்.

டிஸ்சார்ஜ் நாளன்று காலையில் மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு மாலை வரை காக்க வைப்பது வழக்கமாக இருந்தது. 2024 மே மாதத்து சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் நிறுவனமே ஏற்க வேண்டும். பல மருத்துவமனைகளில் தாமதம் காப்பீட்டு நிறுவனத்தில் இல்லை. இறுதி பில்லை அனுப்பவே அவர்கள் மதியம் ஆக்கிவிடுகிறார்கள். ஆகையால் முதலில் கேட்க வேண்டியது, பில் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்பதை.

கிளம்பும்போது காகிதம் ஏதும் விடுபட்டிருந்தால் அதற்கும் வழி உண்டு. நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ எழுத்தில் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தின் இரண்டாவது பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்குக் கணக்கு இல்லை.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கிறது என்று எழுத்தில் வாங்கி, முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். இங்கே மட்டும் எல்லைப் பிரச்சினை இல்லை: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னையில் உள்ள அலுவலகம்தான். மனுவோடு மறுப்புக் கடிதம், பாலிசி நகல், பொருள்வாரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வைக்க வேண்டும். சம்மரியில் திருத்தம் பெற்றிருந்தால், திருத்தத் தாளோடு பழைய பக்கத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும். பழையதை ஒளித்து அனுப்பினால் அதற்கு வேறொரு விளக்கம் எழுத வேண்டிவரும்.